ஜோரென் அருவிக்குப் போய்வர: சிலந்திப் பெண்ணின் குளத்துக்கு முழுமையான வழிகாட்டி

ஜப்பானின் இஸு தீபகற்பத்தின் நடுவில், அமாகி மலைக்காட்டுக்குள் இருக்கிறது ஜோரென் அருவி. உயரம் 25 மீட்டர், அகலம் 7 மீட்டர், அது விழும் குளத்தின் ஆழம் 15 மீட்டர். அந்தக் குளத்தில் ஜோரோகுமோ என்னும் சிலந்திப் பெண் குடியிருப்பதாகக் கதை.

டோக்கியோவில் இருக்கும் என் வீட்டுக்கு ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது வழக்கமாகிவிட்டது. சிலரைத் தனியாகவும் அனுப்பிப் பார்த்திருக்கிறேன். பஸ் நிறுத்தத்தில் இறங்கிவிட்டால் வழி ஒன்றுதான், அங்கே யாரும் தடுமாறியதில்லை. தப்பான ரயில், தப்பான பஸ், கைவிட்டுப் போன திரும்பும் பஸ் என்று எல்லாக் கோளாறும் அருவிக்கு வெளியேதான் நடக்கிறது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள்.

1. திரும்பும் பஸ்ஸை முதலில் பாருங்கள்

அருவிக்கு அருகில் ரயில் கிடையாது. ஷுஸென்ஜி நிலையத்திலிருந்து டோகாய் பஸ்ஸில் ஏறக்குறைய 35 நிமிடம் மலையேற வேண்டும். அந்தப் பஸ் மணிக்கு ஒன்று என்ற கணக்கில்தான் வரும், சில நேரம் அதற்கும் குறைவு. மாலையில் இடைவெளி இன்னும் நீளும்.

ஆகவே எந்த ரயிலில் கிளம்புவது என்று யோசிப்பதற்கு முன், அருவியிலிருந்து எந்தப் பஸ்ஸில் திரும்புவது என்று முடிவு செய்யுங்கள். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அருவிக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் அவசரம் இல்லாமல் பார்க்கலாம். மலை மேலே பழைய சுரங்கத்தையும் சேர்த்தால் இன்னும் இரண்டு மணி நேரம்.

அட்டவணையில் வார நாளுக்கு ஒரு பத்தி, சனி ஞாயிறு விடுமுறைக்கு ஒரு பத்தி இருக்கும். முதல் தடவை போனபோது சனிக்கிழமையன்று வார நாள் பத்தியைப் பார்த்துவிட்டு ஒன்றரை மணி நேரம் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜப்பானிய எழுத்து தெரியாதவர்களுக்கு ஒரு சுலபமான அடையாளம் உண்டு. கூட்டல் குறி ஒரு கோட்டின் மேல் நிற்பதுபோல் ஓர் எழுத்து தலைப்பில் இருந்தால் அது சனிக்கிழமைப் பத்தி.

2. நாளைத் தேர்ந்தெடுப்பது

அமாகி மலை ஜப்பானிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டும் பகுதி. அருவிக்கு அது நல்லது, படிகளுக்கு நல்லதல்ல.

பலத்த மழைக்கு மறுநாள் போகாதீர்கள், அதற்கு அடுத்த நாள் போங்கள். மறுநாள் தண்ணீர் கலங்கலாக இருக்கும், குளத்தின் பச்சை நிறம் தெரியாது. ஒரு நாள் விட்டால் கலங்கல் தெளிந்துவிடும், வரத்து மட்டும் குறையாமல் இருக்கும். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் காலம். புயலுக்குப் பின் கீழே இறங்கும் பாதையையே மூடிவிடுவதுண்டு. கிளம்பும் காலையில் இஸு நகரச் சுற்றுலாப் பக்கத்தில் அறிவிப்பு ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

நவம்பர் நடுவிலிருந்து இலைகள் சிவக்கும், கூட்டமும் சேரும். என்னைக் கேட்டால் அக்டோபர் வார நாள்தான். சிவப்பு இலை இருக்காது, ஆனால் கதையில் வரும் அதே சிலந்தி இனம் முழு வளர்ச்சியோடு மரங்களுக்கு நடுவே வலை விரித்திருக்கும் பருவம் அது. குளிர்காலத்தில் கூட்டம் இல்லை, அருவியும் இளைத்திருக்கும், காலையில் படியில் உறைபனி இருக்கலாம். முதல்முறை போகிறவர்களுக்கு அதைச் சொல்லமாட்டேன்.

3. முந்தின இரவே எடுத்து வைக்க வேண்டியவை

ரப்பர் அடி உள்ள, பிடிப்பான காலணி. செருப்பு வேண்டாம். படிகள் கடைசிப் பகுதியில் எப்போதும் ஈரம்தான்.

குடைக்குப் பதில் மழைச்சட்டை. கீழே சாரல் பக்கவாட்டில் அடிக்கும், குடை அதைத் தடுக்காது. ஒரு கை கைப்பிடிக் கம்பியில் இருக்க வேண்டும், இன்னொரு கையில் குடை இருந்தால் போனுக்கு மூன்றாவது கை தேவைப்படும்.

1000 யென் தாள்கள், சில்லறைக் காசு. இதற்கான காரணம் பஸ் பகுதியில் வருகிறது.

சாப்பாடு. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கையோடு கொண்டுபோவது நல்லது. மலைப்பக்கக் கடைகளில் சோபா, உடோன் என்னும் நூடுல்ஸ் வகைகளின் குழம்பெல்லாம் மீன் சாறில்தான் தொடங்கும். புளியோதரை ஒரு டப்பாவில் இருந்தால் கவலையில்லை. சாப்பிட்ட குப்பையைத் திரும்ப எடுத்துவர ஒரு பை வேண்டும், வழியில் குப்பைத்தொட்டியை நம்பாதீர்கள்.

துண்டும் மாற்றுத் துணியும் தேவையே இல்லை. என் பெரியப்பா எண்ணெய்க் குப்பி வரை எடுத்து வந்தார். அருவி என்றால் தலையைக் கொடுக்கத்தானே என்பது அவர் கணக்கு. இங்கே வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அழைத்துப் போகிறவர்களிடம் இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் முகம் வாடிவிடும்.

4. கதையை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்

கீழே போனபின் கதை சொல்ல முடியாது, நீர் இரைச்சல் விடாது. கதை தெரியாமல் போகிறவர்கள் பத்து நிமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடுகிறார்கள். தெரிந்து போகிறவர்கள் குளத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆகவே ரயிலிலாவது இதைச் சொல்லி முடித்துவிடுங்கள்.

ஒருவன் குளக்கரையில் உட்கார்ந்து இளைப்பாறினான். ஒரு சிலந்தி வந்து அவன் காலில் இழை சுற்றியது. போய்ப் போய் வந்து சுற்றியது. அவன் அந்த இழைகளைக் காலிலிருந்து எடுத்து, பக்கத்தில் இருந்த அடிமரத்தில் மாட்டிவிட்டான். கொஞ்ச நேரத்தில் அந்த அடிமரம் வேரோடு பெயர்ந்து குளத்துக்குள் இழுபட்டுப் போனது. அதன்பின் ஊர்க்காரர் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இது எதுவும் தெரியாத வெளியூர் விறகுவெட்டி ஒருவன் அங்கே மரம் வெட்ட வந்தான். கை நழுவிக் கோடரி குளத்தில் விழுந்தது. எடுக்க இறங்கியவன் முன் அழகான பெண் ஒருத்தி தோன்றிக் கோடரியைத் திருப்பிக் கொடுத்தாள். “இங்கே பார்த்ததை யாரிடமும் சொல்லாதே” என்றாள். அவனும் சொல்லவில்லை. ஆனால் நாளாக ஆக அந்த ரகசியம் நெஞ்சில் பாரமாய் ஏறியது. ஒருநாள் விருந்தில் குடித்த மயக்கத்தில் கொட்டிவிட்டான். பாரம் இறங்கிய நிம்மதியில் படுத்தவன் எழுந்திருக்கவேயில்லை. கண்ணுக்குத் தெரியாத நூல் அவனை வெளியே இழுத்துப் போனது, மறுநாள் உடல் குளத்தில் மிதந்தது என்றும் சொல்வார்கள்.

மூன்றாவதாக ஒரு வடிவம் உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். விறகுவெட்டி அவள்மேல் காதல் கொண்டு தினமும் அருவிக்குப் போகிறான், போகப்போக மெலிகிறான். பக்கத்துக் கோயில் துறவி சந்தேகப்பட்டு, கூடவே வந்து சூத்திரம் ஓதுகிறார். அருவியிலிருந்து ஓர் இழை அவனை நோக்கி நீண்டபோது துறவி இடிபோல் அதட்டுகிறார், இழை மறைகிறது. அவள் யார் என்று தெரிந்தபின்னும் அவன் விடவில்லை. அந்த மலையை ஆளும் தெங்கு என்னும் மலைப்பூதத்திடம் போய் அவளை மணக்க அனுமதி கேட்கிறான். தெங்கு மறுக்கிறது. அவன் அருவிக்கே ஓடுகிறான், இழைகள் சுற்றிக்கொள்கின்றன, நீருக்குள் போய்விடுகிறான். ஜோரென் என்ற பெயரும் முன்பு இங்கே இருந்த ஜோரென்ஜி என்ற கோயிலிலிருந்து வந்ததுதான்.

சிலந்தி அடிமரத்தை இழுத்த கதை ஜப்பானில் வேறு குளங்களுக்கும் உண்டு. செண்டாய் நகரத்துக் காஷிகோபுச்சியில் அடிமரம் மூழ்கியதும் நீருக்குள்ளிருந்து “கெட்டிக்காரன், கெட்டிக்காரன்” என்று குரல் கேட்டதாம். இணையத்தில் இரண்டையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். ஜோரெனில் அந்தக் குரல் கிடையாது.

5. டோக்கியோவிலிருந்து மிஷிமாவுக்கு

ஷின்கான்சென் அதிவேக ரயிலில் மிஷிமா வரை ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கட்டணம் 4000 யென்னைச் சற்றே தாண்டும். நீங்கள் ஏற வேண்டியது எல்லா நிலையத்திலும் நிற்கும் கொதாமா. சில ஹிகாரி ரயில்களும் மிஷிமாவில் நிற்கும், ஆனால் எல்லாம் நிற்காது.

நொஸோமியில் ஏறிவிடாதீர்கள். அது மிஷிமாவில் நிற்பதே இல்லை. ஷின் யோகோஹாமாவை விட்டால் அடுத்து நகோயாதான். நடைமேடையில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் வருவதால், வந்ததில் ஏறும் பழக்கம் உள்ளவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

சாதாரண ரயிலில் மலிவாகப் போக நினைப்பவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. டோக்கியோவில் சுய்கா என்னும் முன்பணப் பயண அட்டையைத் தட்டி ஏறி மிஷிமாவில் இறங்க முடியாது. வழியில் வரும் அதாமி நிலையத்தோடு ஒரு ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) நிறுவனத்தின் எல்லை முடிகிறது, அதற்கு அப்பால் இன்னொரு நிறுவனம். அந்த எல்லையைத் தாண்டிய பயணத்துக்கு அட்டை செல்லாது. கதவு சிவப்பு காட்டும், அலுவலர் ஒரு சீட்டு எழுதித் தருவார், பணமாகக் கட்ட வேண்டும். தொடக்கத்திலேயே மிஷிமாவுக்குக் காகித டிக்கெட் வாங்கிவிட்டால் இந்த வம்பு இல்லை.

டோக்கியோவிலிருந்து ஷுஸென்ஜிக்கே நேராகப் போகும் ஒதோரிகோ விரைவு ரயிலும் உண்டு, ஒரு நாளைக்குச் சில தடவைதான். எல்லா இருக்கையும் முன்பதிவு. அது அதாமியில் இரண்டாகப் பிரியும்: ஒரு பாதி ஷுஸென்ஜிக்கு, மறு பாதி கிழக்குக் கடற்கரை வழியாக ஷிமோதாவுக்கு. பெட்டி எண்ணைப் பார்க்காமல் உட்கார்ந்து தூங்கினால் கடலில்தான் விழிப்பீர்கள்.

6. மிஷிமாவில் ரயில் மாறுவது

இங்கிருந்து ஷுஸென்ஜி வரை இஸு ஹாகோனே ரயில்வேயின் ஸுன்ஸு பாதை, கடைசி நிலையம் வரை 35 நிமிடம் அளவு. தனியார் ரயில் என்பதால் ஜேஆர் பாஸ் செல்லாது, தனி டிக்கெட் வாங்குங்கள். 500 யென்னுக்குச் சற்று மேல் ஆகும்.

ஷின்கான்சென் பக்கம் வடக்கு வாசல், ஸுன்ஸு பாதை தெற்குப் பக்கம். அவசரத்தில் வடக்கே வெளியேறினால் நிலையத்தைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும், அதற்குள் ரயில் போய்விடும். உள்ளேயே தெற்கு நோக்கிய சுரங்கப்பாதையைப் பிடியுங்கள். பெரிய பெட்டி கையில் இருந்தால் மிஷிமாவிலேயே லாக்கரில் போட்டுவிடுங்கள். மலைப் பஸ்ஸில் அதை வைக்க இடம் இருக்காது.

7. ஷுஸென்ஜியில் பஸ் ஏறுவது

ரயிலில் வந்த கூட்டத்தின் பின்னால் போகாதீர்கள். முக்கால்வாசிப் பேர் ஷுஸென்ஜி ஒன்சென் என்னும் வெந்நீரூற்று ஊருக்குப் போகிறவர்கள். அந்தப் பஸ் பத்து நிமிடத்தில் ஊருக்குள் போய் நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியது அமாகி மலை நோக்கி, மலைக்கு அப்பால் இருக்கும் காவாஸு ஊரின் திசையில் போகும் பஸ். ஏறும்போது ஓட்டுநரிடம் “ஜோரென் நோ தாகி?” என்று கேளுங்கள், அதுதான் நிறுத்தத்தின் பெயர். தாகி என்றால் அருவி.

ஏறியதும் வாசலருகே உள்ள பெட்டியிலிருந்து எண் போட்ட சிறு சீட்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அதை இழுத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள பலகையில் உங்கள் எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது அந்தத் தொகையையும் சீட்டையும் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். சீட்டு எடுக்காதவர், முதல் நிறுத்தத்திலிருந்து வந்தவராகக் கணக்கிடப்படுவார்.

பெட்டி மீதி தராது. சில்லறை மாற்றும் இயந்திரம் ஓட்டுநர் அருகில் உண்டு, அதில் 1000 யென் தாள்தான் போகும். 10,000 யென் தாளை நீட்டிக்கொண்டு நின்றால் பஸ் முழுக்க உங்களுக்காகக் காத்திருக்கும். வண்டி நிற்கும்போதே எழுந்து சில்லறையை மாற்றிவிடுங்கள்.

8. இறங்குவதற்கு முன், மேலே

நிறுத்தத்தில் இறங்கியதும் எதிர்ப்பக்கம் போய், திரும்பும் பஸ் அட்டவணையைப் போனில் படம் எடுங்கள். வீட்டில் பார்த்ததும் இதுவும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். மலைக்குள் சிக்னலை நம்ப வேண்டாம்.

பிறகு கழிப்பறை. இதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கீழே இறங்கியவர்கள் அருவியைப் பார்த்த ஐந்தாவது நிமிடம் படியேறத் தொடங்குகிறார்கள். ஓடும் தண்ணீர்ச் சத்தத்துக்கு அப்படி ஒரு குணம்.

வண்டி நிறுத்துமிடத்தில் கவாபதா எழுதிய ‘இஸுவின் நாட்டியக்காரி’ கதையில் வரும் நாட்டியக்காரச் சிறுமியின் (ஜப்பானியத்தில் ஒதோரிகோ) சிலை, கடை எல்லாம் இருக்கும். மூக்கில் ஏறும் காரம் கொண்ட வசாபிக் கிழங்கு போட்ட ஐஸ்கிரீம் கண்ணில் படும். இப்போது வாங்காதீர்கள், கூம்பைப் பிடித்த கையோடு இந்தப் படிகளில் இறங்க முடியாது.

9. படிகள்

ஏறக்குறைய 200 படிகள், நிதானமாக இறங்கினால் பத்து நிமிடம். பள்ளத்தாக்குக்குள் போகப்போகக் காற்று குளிர்ந்துகொண்டே வரும், வெயில் காலத்தில்கூட.

விழுகிறவர்கள் பெரும்பாலும் மேற்பகுதியில் விழுவதில்லை. மரங்களுக்கு நடுவே அருவி முதன்முதலாக வெள்ளையாகத் தெரியும் இடம் வரும். அங்கே கண் மேலே போகும், கை போனுக்குப் போகும், கால் ஈரப் படியில் இருக்கும். நின்று பாருங்கள், பார்த்துக்கொண்டே நடக்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் உடலைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் கம்பியைப் பிடித்து இறங்கினால் சுலபம்.

இலையுதிர் காலத்தில் கம்பிக்கு அப்பால் கிளைகளுக்கு இடையே பாருங்கள். வெளிச்சம் படும் கோணத்தில் மஞ்சளாக மின்னும் பெரிய வலை தெரிந்தால் அது ஜோரோகுமோ. பெண் சிலந்தியின் உடல் கட்டைவிரல் நகம் அளவு நீளம், மஞ்சளும் நீலச் சாம்பலும் மாறிமாறிப் பட்டை, அடிவயிற்றோரம் ஒரு சிவப்புத் தீற்றல். அதே வலையின் மூலையில் மங்கலாக ஒரு சின்னச் சிலந்தி ஒதுங்கியிருந்தால் அது ஆண். மனிதருக்கு ஆபத்து இல்லை. வலையைக் குச்சியால் கலைக்காதீர்கள்.

10. கீழே என்ன, எந்த வரிசையில்

எல்லோரும் வந்ததும் அருவியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுத்து முடியுங்கள், அதன்பின் பார்க்கத் தொடங்குங்கள்.

முதலில் பாறை. நீர் விழும் சுவரின் இரு பக்கமும் பென்சில்களை அடுக்கி நிறுத்தியதுபோல் செங்குத்தான தூண்கள் தெரியும். ஏறக்குறைய 17,000 ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஹாச்சிகுபோ எரிமலை கக்கிய குழம்பு பள்ளத்தில் ஓடி நின்று, ஆறும்போது சுருங்கி இப்படி வெடித்தது. அந்தக் குழம்பின் விளிம்பிலிருந்துதான் ஆறு குதிக்கிறது.

அடுத்து, பாறையில் தொங்கும் நீண்ட பெரணி இலைகள். இந்த அருவியின் பெயராலேயே ஜோரென் பெரணி என்று அழைக்கிறார்கள், ஷிஸுவோகா மாநிலம் பாதுகாக்கும் தாவரம். பறிக்கக் கூடாது.

கடைசியாகக் குளம். நீர் விழும் இடத்தில் வெண்மை, அதைச் சுற்றி இளம்பச்சை, ஓரத்து நிழலில் கிட்டத்தட்டக் கறுப்பு. கதை தெரிந்தவர்கள் அந்தக் கறுப்பில்தான் கண் வைப்பார்கள். என் தங்கை மகள் எட்டு வயதில் இங்கே வந்தபோது, கரையோரம் இருந்த ஓர் அடிமரத்தைத் தொட்டுப் பார்த்து, “இதை ஏன் இன்னும் இழுக்கலை?” என்று என் காதோடு வாய் வைத்துக் கத்தினாள்.

படத்துக்கு இரண்டு விஷயம். பள்ளத்தாக்கு நிழலாகவே இருக்கும், போன் தானாக வெளிச்சத்தை ஏற்றி அருவியை வெள்ளைத் திட்டாக்கிவிடும். அருவியின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். சாரல் லென்ஸில் படிவதால், ஒவ்வொரு படத்துக்கும் முன் துடைக்க உலர்ந்த துணி சட்டைப்பைக்குள் இருக்கட்டும்.

11. வசாபிப் பாத்திகள்

அருவியிலிருந்து சற்றுக் கீழே ஆற்றை ஒட்டி, கல் அடுக்கிய படிக்கட்டுப் பாத்திகளில் வசாபி வளர்கிறது. குளிர்ந்த மலைநீர் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். ஒருவருடைய வயல் அது. வரப்பில் ஏறுவதோ, நீரில் கையை அலசுவதோ கூடாது.

கிழங்கு வாங்கினால் ஈரக் காகிதத்தில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். தேங்காய்த் துருவியில் தேய்த்தால் காரம் வராது. மிக நுண்ணிய பல் உள்ள துருவியில், இலைப்பக்கத்திலிருந்து தொடங்கி, வட்டமாக மெதுவாக அரைக்க வேண்டும். திசு நசுங்கினால்தான் காரம் பிறக்கும், பிறந்த காரம் கால் மணி நேரத்தில் பறந்துவிடும். சாப்பிடும் நேரத்தில், சாப்பிடும் அளவு மட்டும் அரையுங்கள்.

12. ஏறுவது

இறங்கிய நேரத்தைப் போல் இரண்டு மடங்கு வையுங்கள். பஸ்ஸுக்கு 45 நிமிடம் முன்பே கீழிருந்து கிளம்பினால் நடுவில் இரண்டு தடவை உட்காரலாம், மேலே வந்து ஐஸ்கிரீமும் சாப்பிடலாம். துருவிய வசாபி மேலே வைத்துத் தருவார்கள். முழுவதையும் முதல் கடியில் எடுக்காதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து சாப்பிட்டால் இனிப்புக்குப் பின்னால் மூக்கில் ஏறும்.

13. நேரம் மிச்சம் இருந்தால்

அதே பஸ்ஸில் இன்னும் மேலே போனால் அமாகி தோகே நிறுத்தம். அங்கிருந்து காட்டுப்பாதையில் ஏறினால் 1905 இல் திறந்த பழைய அமாகிச் சுரங்கம். முழுவதும் வெட்டுக்கல், நீளம் 446 மீட்டர். உள்ளே கூரையிலிருந்து நீர் சொட்டும், சொட்டுவது யாருடைய தோளில் என்று தெரியாத அளவுக்கு இருட்டு. போன் விளக்கு போதும், மின்சாரம் மீதி இருக்க வேண்டும்.

அருவியிலிருந்து காவாஸு பக்கம் வரை ஒதோரிகோ நடைபாதை 16 கிலோமீட்டர் அளவு ஓடுகிறது. மதியத்துக்கு மேல் அதைத் தொடங்காதீர்கள். நவம்பரில் சூரியன் நாலரை மணி வாக்கில் மறையும், மரங்களுக்கு அடியில் அதற்கு வெகு முன்பே இருட்டும்.

சுரங்கத்திலிருந்து திரும்பும்போது சாலையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று பாருங்கள். ஜப்பானிலும் வண்டிகள் இடப்பக்கம்தான் ஓடும். நீங்கள் வந்த பஸ் இறக்கிவிட்ட பக்கமே நின்றால் அது காவாஸுவுக்குக் கூட்டிப் போகும். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் நில்லுங்கள்.